போலியும் மெய்யும்: போலிச் சேவையகத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

தமிழ் இலக்கண மரபில் போலி என்பது பழிச்சொல் அன்று. ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் பிறிதோர் எழுத்து நின்றும் பொருள் மாறாதிருப்பதையே இலக்கணகாரர் போலி என்றனர். அறம் அறன் எனவும், பந்தல் பந்தர் எனவும் வழங்குவது இவ்வகையினது. ஆயின் உலக வழக்கில் போலி என்றதும் போலி நாணயமும் போலி வைத்தியரும் நம் நினைவுக்கு வருகின்றனர். முன்னையதில் ஒன்றன் இடத்தை மற்றொன்று குறைவற நிரப்புகின்றது. பின்னையதில் ஒன்றைப் போலக் காட்டி மற்றொன்று ஏமாற்றுகின்றது. இக்கட்டுரையில் நாம் ஆராயப்புகும் கருவி இவ்விரு பொருளிலும் போலியே. எப்பொழுது அது முதற்பொருளில் போலியாக நிற்கின்றது, எப்பொழுது இரண்டாம் பொருளுக்கு வழுவுகின்றது என்பதே எமது வினா. இதற்கு விடை காணக் கருவியின் அமைப்பை மட்டும் நோக்குதல் போதாது என்பதும், அதனைத் தோற்றுவித்த உழைப்பு உறவுகளை நோக்குதல் இன்றியமையாதது என்பதும் எமது துணிபு.

போலிச் சேவையகம் என்பது யாது? உலகளாவிய வலையில் ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் தகவல் கோருகின்றது. கோரப்படும் நிரலே சேவையகம். கோரும் நிரலை எழுதுபவர் தமது ஆக்கம் சரிவர இயங்குகின்றதா எனச் சோதிக்க விரும்புகையில், உண்மைச் சேவையகம் எட்டாத நிலையில் இருக்கலாம். அது பிறருக்கு உரியதாக இருக்கலாம். இன்னும் எழுதப்படாமலே இருக்கலாம். அப்பொழுது அவர் அதனைப் போலப் பேசும் சிறு நிரலொன்றைத் தமது கணினியிலேயே இயக்குகின்றார். வங்கியின் கணக்கு விபரம் கேட்கப்படின், முன்னரே எழுதிவைத்த கணக்கு விபரமொன்றை அது திருப்பித் தருகின்றது. பின்னால் வங்கியும் இல்லை, பணமும் இல்லை.

இத்தகைய சேவையகம் பெரும்பாலும் கொன்சோல் நிரலாகவே இயக்கப்படுகின்றது. கொன்சோல் நிரலுக்குச் சாளரங்களோ படங்களோ வேண்டியதில்லை. கறுப்புத் திரையில் எழுத்துகளாக உள்ளீட்டைப் பெற்று எழுத்துகளாகவே வெளியீட்டைத் தருவது அது. இயக்கத்தொடங்கியதும் இயங்குதளத்திடம் ஒரு துறை எண்ணைக் கேட்டுப் பெறுகின்றது. அத்துறையில் வரும் கோரிக்கைக்குக் காத்திருக்கின்றது. கோரிக்கை வந்ததும் அதன் முதல் வரியைத் தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, பொருந்தும் மறுமொழியை அனுப்புகின்றது. பொருந்துவது இல்லையெனின் 404 என்னும் எண்ணைத் தருகின்றது. இடையில் ஒரு நுட்பமும் உண்டு. கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையை நிரலின் கிளையொன்று செய்துகொண்டிருக்க, தலைமைக் கிளை விசைப்பலகையில் ஒரு விசை அழுத்தப்படும்வரை வாளாவிருக்கும். அவ்வாறு காத்திராவிடின் நிரல் உடனே முடிந்துவிடும், சேவையகமும் மறைந்துவிடும். எனவே இச்சேவையகத்தின் ஆயுள் அதனை இயக்குபவரின் விரல்நுனியில் உள்ளது.

இதற்கு நேர்மாறான காட்சியொன்றை வரலாறு தருகின்றது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ 1990-இன் இறுதியில் இயக்கிய முதலாவது வலைச் சேவையகம் ஒரு நெக்ஸ்ற் கணினியில் அமைந்திருந்தது. இது சேவையகம், இதனை நிறுத்தவேண்டாம் என்ற கருத்துப்படக் கையால் எழுதிய ஓர் அறிவித்தல் அக்கணினியில் ஒட்டப்பட்டிருந்தது. பிறருக்காக நிறுத்தக்கூடாத பொறி ஒருபுறம். தமக்காக எப்பொழுதும் நிறுத்தக்கூடிய நிரல் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே இக்கட்டுரை கூறும் வரலாறு.

2

இல்லாத ஒன்றை இருப்பதாகப் பாவித்து ஓர் அமைப்பைச் சோதிக்கும் வழக்கம் வலைக்கு நெடுங்காலம் முற்பட்டது. அதன் தோற்றுவாய்களுள் ஒன்று பனிப்போர்ச் சூழலில் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாந்தா மொனிக்கா நகரிலுள்ள றான்ட் நிறுவனம் 1952-இல் வான்பாதுகாப்பு நிலையமொன்றின் மாதிரியை அமைத்து, அங்கு பணியாற்றும் மனிதக் குழுக்களின் நடத்தையை ஆராய்ந்தது. பகைவரின் விமானங்கள் உண்மையாகவே வரும்வரை காத்திருத்தல் இயலாது. ஆகவே ராடார் திரையில் தோன்றவேண்டிய புள்ளிகளைக் கணிப்பொறியின் துணையால் தாளில் அச்சிட்டனர். அலன் நியூவெல், ஜே. சி. ஷா ஆகியோர் இப்பணியில் ஈடுபட்டனர். எண்களைக் கூட்டிப் பெருக்கும் பொறி வரைபடங்களை அச்சிடுவதைக் கண்ட ஹேர்பேட் சைமன், குறியீடுகளையும் பொறியால் கையாளலாம் என்னும் எண்ணத்திற்கு அது தம்மை இட்டுச்சென்றது எனப் பின்னர் எழுதினார். போலிக்கு உரிய ஆக்கசக்தி இங்கு முதலிலேயே வெளிப்பட்டுவிட்டது. மெய்ம்மையிடம் கேட்டுப் பெறமுடியாததைப் போலியிடம் கேட்டுப் பெறலாம். இன்றைய போலிச் சேவையகமும் வேண்டியபொழுது தாமதிக்கும். வேண்டியபொழுது 503 எனக் கூறிச் சேவை மறுக்கும். இணைப்பை இடையில் அறுக்கும். உண்மைச் சேவையகத்தை எமது சோதனைக்காக விழுந்து எழுமாறு கேட்க எவராலும் முடியாது.

இரண்டாவது தோற்றுவாய் நிரலாக்கத் தொழிலின் உள்ளேயே உள்ளது. 1960-களில் மென்பொருள் பெருந்தொழிலாக மாறத் தொடங்கியது. 1968-இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் விஞ்ஞானக் குழு கூட்டிய மாநாடு, நிரலாக்கத்தைப் பொறியியலாக்கவேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தது. அதே ஆண்டில் மெல்வின் கொன்வே, ஒரு நிறுவனம் ஆக்கும் அமைப்பு அந்நிறுவனத்தின் தொடர்புமுறையின் சாயலையே பெறும் என எழுதினார். 1971-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹார்லன் மில்ஸ், பெரிய நிரல்களை மேலிருந்து கீழாக எழுதும் முறையை விளக்கினார். தலைமை நிரல் முதலில் எழுதப்படும். அது அழைக்கும் துணை நிரல்கள் இன்னும் எழுதப்படாவிடின் அவற்றின் இடத்தில் அடிக்கட்டைகள் போன்ற வெற்று நிரல்கள் வைக்கப்படும். ஆங்கிலத்தில் ஸ்ரப் எனப்படும் இவ்வடிக்கட்டையே போலிச் சேவையகத்தின் நேர் மூதாதை.

இம்முறையோடு ஒட்டிப் பிறந்தது தலைமை நிரலாளர் குழு என்னும் ஒழுங்கமைப்பு. ஒருவர் சிந்திப்பார், ஏனையோர் அவர் வகுத்த இடைவெளிகளை நிரப்புவர். மேலிருந்து கீழாக எழுதப்படும் நிரலும் மேலிருந்து கீழாக அமைந்த குழுவும் ஒன்றற்கொன்று ஆடியாக அமைந்தன. ஹரி பிறேவர்மன் 1974-இல் வெளியிட்ட உழைப்பும் ஏகபோக மூலதனமும் என்னும் நூல், சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்தலே முதலாளித்துவ உழைப்பு முகாமையின் உயிர்நாடி என்பதை நிறுவியது. அவரைப் பின்பற்றிப் பிலிப் கிராவ்ற் 1977-இல் நிரலாளர் உழைப்பை ஆராய்ந்து, கட்டமைப்பு நிரலாக்கம் எனப்பட்டது தொழில்நுட்பச் சீர்திருத்தம் மட்டுமன்று, உழைப்பைத் துண்டாடி மலிவாக்கும் முகாமை உத்தியுமாம் என்றார்.

எனினும் இக்கூற்றை அப்படியே ஏற்றல் பொருந்தாது. 1972-இல் டேவிட் பார்னாஸ் நிரலை எவ்வாறு கூறுபடுத்தல் வேண்டும் என ஆராய்ந்து, ஒவ்வொரு கூறும் தன் உள்ளமைப்பை மறைத்து இடைமுகத்தை மட்டுமே வெளிக்காட்டவேண்டும் என வாதிட்டார். கூறு என்பதை அவர் ஒரு பொறுப்பு ஒப்படைப்பாகவே கண்டார். ஒருவரது வேலையின் உள்விபரம் அறியாமலே மற்றவர் தமது வேலையைச் செய்யக்கூடிய நிலை உழைப்பாளருக்கு ஒருவகைச் சுதந்திரத்தையும் அளித்தது. மேலும், தனியாளாக நிரல் எழுதுபவரும் போலியைப் பயன்படுத்துகின்றார். சோதனை விரைவாகவும் ஒரே சீராகவும் நிகழவேண்டும் என்பது அவருக்கும் உள்ள தேவை. ஒவ்வொரு நுட்பத்தையும் முதலாளியின் சூழ்ச்சியாகக் காண்பது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமே. உழைப்புப் பிரிவினை தோற்றுவித்த கருவி அப்பிரிவினையின் சுமையைக் குறைக்கவும் பயன்படலாம். இம்முரண்பாட்டை மனங்கொண்டே மேற்செல்லல் வேண்டும்.

3

வலையின் வரவு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1991-இல் பேர்ணர்ஸ்-லீ வெளியிட்ட எச்.ரி.ரி.பி. நெறிமுறை வியப்பூட்டும் எளிமை வாய்ந்தது. கோரிக்கை ஒரே வரி: கெற் என்னும் சொல்லும் ஆவணத்தின் முகவரியும். ஆவணத்தை அனுப்பியதும் சேவையகம் இணைப்பைத் துண்டித்துவிடும். 1996 மேயில் வெளியான 1.0 என்னும் வடிவம் நிலை எண்களையும் தலைப்புகளையும் முறைப்படுத்திற்று; அப்பொழுதும் யாவும் வாசிக்கத்தக்க எழுத்துகளாகவே இருந்தன. மனிதர் வாசிக்கவும் தட்டெழுதவும் கூடிய நெறிமுறையைப் போலச்செய்தல் எளிது.

இவ்வெளிமைக்குப் பின்னணியாக யுனிக்ஸ் மரபு இருந்தது. 1969-இல் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்ஸ், எழுத்தோட்டத்தை நிரல்களின் பொதுமொழியாக்கியது. 1973-இல் சேர்க்கப்பட்ட குழாய் முறை ஒரு நிரலின் வெளியீட்டை மற்றதன் உள்ளீடாக்கியது. 1986-இல் வெளியான பேர்க்லி யுனிக்ஸ் 4.3 வடிவத்தில் அமைந்த ஐநெற்டி என்னும் நிரல், வலையமைப்பு இணைப்பொன்றை ஒரு சாதாரண நிரலின் உள்ளீட்டோடும் வெளியீட்டோடும் பொருத்திவிட்டது. எழுத்தை வாசித்து எழுத்தை அச்சிடத் தெரிந்த எந்நிரலும் இதனாற் சேவையகமாயிற்று. கொன்சோலுக்கும் சேவையகத்துக்கும் உள்ள உறவு இவ்வாறு வலையினும் முந்தியது.

ஆயின் இதே மரபில் ஓர் எல்லைக்கோடும் உண்டு. பேர்க்லி யுனிக்ஸ் 1024-க்குக் கீழ்ப்பட்ட துறைகளைத் தலைமை நிர்வாகிக்கு மட்டும் ஒதுக்கியது. வலைச் சேவையகத்துக்குரிய 80 என்னும் துறை அவற்றுள் ஒன்று. சாதாரண நிரலாளர் 8080 போன்ற மேலெண்களிலேயே தமது சேவையகத்தை இயக்கினர். இன்றும் போலிச் சேவையகங்கள் பல அவ்வெண்ணிலேயே இயங்குதல் காண்க. ஒரு துறை எண்ணிலும் உரிமையின் படிநிலை பதிந்துள்ளது.

1990-களின் பிற்பகுதியில் வலை வணிகமயமாயிற்று. 1999 டிசெம்பரில் வெளியான ஜே-2-ஈ-ஈ ஒழுங்கு, வணிக நிரல்கள் யாவும் பெரிய பிரயோகச் சேவையகம் ஒன்றினுள் விருந்தாளிகளாக வாழவேண்டும் எனக் கருதியது. சிறு மாற்றமொன்றைச் சோதிப்பதற்கும் முழுச் சேவையகத்தையும் நிறுவி இயக்கவேண்டியிருந்தது. உழைப்பாளர் கருவியை இயக்குவதற்கு மாறாகக் கருவிக்காகக் காத்துக்கிடந்தனர். இந்நிலைக்கு எதிர்வினையாகவே சோதனை இயக்கம் எழுந்தது. கென்ற் பெக், எரிக் காமா ஆகியோர் 1997-இல் ஜேயுனிற் என்னும் சோதனைச் சட்டகத்தை எழுதினர். 2000-இல் இலண்டனைச் சேர்ந்த ரிம் மக்கினன், ஸ்ரீவ் பிறீமன், பிலிப் கிறெய்க் ஆகியோர் போலிப் பொருள்கள் பற்றிய கட்டுரையை ஒரு மாநாட்டில் முன்வைத்தனர். ஒரு நிரற்கூறு தன் அயற்கூறுகளோடு எவ்வாறு உரையாடுகின்றது என்பதைச் சோதிக்க, அயற்கூறுகளின் இடத்தில் எதிர்பார்ப்புகளைத் தாங்கிய போலிகளை வைத்தல் என்பது அவர்தம் கருத்து. அடிக்கட்டை வெறுமனே இடத்தை நிரப்பிற்று. போலியோ தன்னிடம் எது கேட்கப்பட்டது என்பதற்குச் சாட்சியும் கூறிற்று.

கலைச்சொற்களின் வரலாறு இங்கு இலக்கிய மாணவர்க்கு ஆர்வமூட்டுவது. 2007-இல் ஜெராட் மெசாரோஸ் இவ்வகை மாற்றுகளுக்கெல்லாம் பொதுப்பெயர் இடுகையில், திரைப்படத்தில் ஆபத்தான காட்சிகளில் நடிகருக்குப் பதிலாகத் தோன்றும் இரட்டையரின் பெயரைக் கடன்பெற்றார். மவுன்ற்பாங்க் என்னும் போலிச் சேவையக நிரலின் பெயருக்குச் சந்தையில் கூவும் போலி வைத்தியர் என்பது பொருள். அது தன் சேவையகங்களை ஆள்மாறாட்டக்காரர் என்றே அழைக்கின்றது. அரங்கிலிருந்தும் சந்தையிலிருந்தும் பெற்ற இச்சொற்களில் ஒரு தன்னுணர்வு தெரிகின்றது. தாம் செய்வது நடிப்பு என்பதை நிரலாளர் மறந்திலர்.

போலி நிரலின் உள்ளிருந்து வெளியே வந்து தனிச் சேவையகமாக நின்றது அடுத்த கட்டம். 2005-இல் மைக்ரோசொப்ற் வெளியிட்ட டொட் நெற் 2.0 வடிவத்தில், பெரிய சேவையகம் எதுவும் நிறுவாமலே ஒரு கொன்சோல் நிரல் எச்.ரி.ரி.பி. கோரிக்கைகளுக்கு விடையளிக்க உதவும் வகுப்பொன்று இடம்பெற்றது. 2011-இல் ரொம் ஏக்கேர்ஸ்ற் தொடங்கிய வயர்மொக், கட்டளை வரியிலிருந்து நேரே இயக்கத்தக்க போலிச் சேவையகமாக அமைந்தது. டொட் நெற் உலகிலும் அதன் வழிவந்த நிரலொன்று பின்னர் எழுந்தது. 2016-இல் வெளியான ஏஎஸ்பி டொட் நெற் கோர் இவ்வளர்ச்சியை அதன் முடிவுக்குக் கொண்டுசென்றது. அதில் உண்மையான வலைப் பிரயோகமே ஒரு கொன்சோல் நிரல்தான். விருந்தாளியாக இருந்த நிரல் வீட்டுக்காரராயிற்று. அமைப்பளவில் போலிக்கும் மெய்க்கும் இருந்த வேறுபாடு இதனால் ஏறத்தாழ மறைந்தது.

4

அமைப்பளவில் வேறுபாடு மறைந்துவிடின் போலி மெய்யாகிவிடுமா? இவ்வினாவுக்கு விடையாகக் காலவரிசையில் சிறிது பின்சென்று, வலைக்கு அப்பாற்பட்டதாயினும் இதே சிக்கலைக் கொண்ட நிகழ்ச்சியொன்றை நோக்கலாம்.

1996 யூன் 4-ஆம் திகதி, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியன் 5 ஏவூர்தி ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறி அழிந்தது. அது சுமந்துசென்ற நான்கு விஞ்ஞானச் செய்மதிகளும் அழிந்தன. ஏவூர்தியின் திசையையும் வேகத்தையும் அளக்கும் உபகரணத்தின் மென்பொருள் ஏரியன் 4-இலிருந்து எடுத்தாளப்பட்டது. புதிய ஏவூர்தியின் கிடைவேகம் பழையதைவிட மிகுதியாக இருந்தமையால், 64 பிற் எண்ணொன்றை 16 பிற் முழுவெண்ணாக மாற்றுகையில் அது கொள்ளளவை மீறியது. முதன்மை உபகரணத்திலும் மாற்று உபகரணத்திலும் ஒரே மென்பொருள் இருந்தமையால் இரண்டும் செயலிழந்தன. பிழைச்செய்தியைப் பறப்புத் தரவாகக் கொண்ட தலைமைக் கணினி ஏவூர்தியைத் தவறான திசைக்குத் திருப்பியது.

விசாரணைக் குழு அவ்வாண்டு யூலையில் வெளியிட்ட அறிக்கையில் எமது பொருளுக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. ஏவூர்தியின் முழு அமைப்பையும் தரையில் பாவனைமுறையிற் சோதித்தபொழுது, அவ்வுபகரணம் அங்கு இருக்கவில்லை. அதன் வெளியீட்டைப் போலச்செய்யும் மென்பொருளே அதன் இடத்தில் இருந்தது. உபகரணம் ஏற்கெனவே தனியாகச் சோதித்துத் தகுதி பெற்றுவிட்டது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆயின் அத்தனிச் சோதனையில் ஏரியன் 5-இன் பறப்புப்பாதைத் தரவுகள் பயன்படுத்தப்படவில்லை. உபகரணத்துக்கான தேவை விபரத்தில் அத்தரவுகளைச் சேர்க்கவேண்டியதில்லை என்று பங்காளிகள் உடன்பட்டிருந்தனர். உபகரணம் மெய்யாக இருந்த இடத்தில் உலகம் பழையதாக இருந்தது. உலகம் புதியதாக இருந்த இடத்தில் உபகரணம் போலியாக இருந்தது. இரு சோதனைகளும் வெற்றி பெற்றன. அவை சந்திக்காத இடத்தில் ஏவூர்தி சிதறிற்று.

போலி இங்கு தன் பணியில் தவறவில்லை. அதனை ஆக்கியோர் உபகரணம் எவ்வாறு நடக்கும் என நம்பினரோ அவ்வாறே அது நடந்தது. போலியில் இருப்பது மெய்ப்பொருள் அன்று. மெய்ப்பொருளைப் பற்றி அதனை ஆக்கியவருக்கு ஒரு குறித்த நாளில் இருந்த அறிவு. அவ்வறிவு மற்றொரு தரப்பினரின் உழைப்பைப் பற்றிய அறிவு. எனவே இரு தரப்பினரிடையே உள்ள உறவு எத்தகையதோ அத்தகையதே போலியின் உண்மையும். பொருள் மாறாமல் இடத்தை நிரப்பும் இலக்கணப் போலி, கள்ள நாணயமாக மாறும் இடம் இதுவே. அம்மாற்றம் நிரலில் நிகழ்வதில்லை, உறவில் நிகழ்கின்றது.

5

இதனை உணர்ந்தோர் நிரலாளரிடையேயும் இருந்தனர். 2006-இல் இயன் றொபின்சன், சேவையைப் பெறுவோரின் எதிர்பார்ப்புகளே சேவை வழங்குவோரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக அமையவேண்டும் என எழுதினார். 2013 அளவில் அவுஸ்திரேலியாவில் தோன்றிய பக்ற் என்னும் கருவி இக்கருத்தைச் செயற்படுத்தியது. கோரும் தரப்பினர் போலிச் சேவையகத்தோடு சோதனை செய்கையில் அவர்தம் எதிர்பார்ப்புகள் ஒரு கோப்பாகப் பதிவாகின்றன. அக்கோப்பு வழங்கும் தரப்பினருக்குச் செல்கின்றது. அவர்கள் தமது மெய்ச் சேவையகம் அவற்றை நிறைவேற்றுகின்றதா எனச் சரிபார்க்கின்றனர். போலி இருதரப்பும் கையெழுத்திட்ட பத்திரமாக உயர்கின்றது.

ஆனால் கையெழுத்திட மறுதரப்பு இணங்கவேண்டும். ஒரே நிறுவனத்தின் இரு குழுக்களிடையே இது கூடும். பெரும் ஏகபோகத்துக்கும் சிறு நிரலாளருக்கும் இடையே கூடுமோ? 2023 பெப்ரவரியில் ருவிற்றர் நிறுவனம் தன் நிரலிடைமுகத்தின் இலவசப் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு றெடிற் நிறுவனம் கட்டணம் விதித்தபொழுது, அதனை நம்பி எழுதப்பட்ட அப்பலோ என்னும் வாசிப்பு நிரல் யூன் இறுதியில் மூடப்பட்டது. அந்நிறுவனங்களின் இடைமுகத்தை எத்துணைச் செம்மையாகப் போலச்செய்திருப்பினும் பயனில்லை. போலிச் சேவையகம் பிறர் உடைமையில் தங்கியிருத்தலைத் தாங்கத்தக்கதாக்கும், இல்லாமற் செய்யாது.

எமது சூழலும் இதற்குப் புறம்பானதன்று. கொழும்பிலும் சென்னையிலும் பிறநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுவோர் பலர், எந்த வங்கிக்காக, எந்த மருத்துவமனைக்காக எழுதுகின்றனரோ அதன் மெய்ச் சேவையகத்தை அணுக உரிமையற்றவர். மெய்த்தரவு கடல் கடந்து செல்லலாகாது என்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. எனினும் விளைவு ஒன்றே: உழைப்பாளர் தமது உழைப்பின் பயன் சென்றுசேரும் உலகைப் போலியின் வாயிலாக மட்டுமே காண்கின்றார். கறுப்புத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக 200 என்னும் வெற்றி எண் தோன்றுகின்றது. அவ்வெண்ணைத் தருவதும் அவர் எழுதிய நிரலே. தன் குரலின் எதிரொலியை மறுமொழியாகக் கேட்கும் நிலை இது. உழைப்பிலிருந்து அந்நியமாதல் என்று மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் துலக்கமான உருவம் அரிது.

இதனால் போலிச் சேவையகத்தைக் கைவிடவேண்டும் என்பது எமது முடிபன்று. காத்திருப்பின் அடிமைத்தனத்திலிருந்து அது நிரலாளரை விடுவித்தது. வீழ்ச்சியை ஒத்திகை பார்க்கும் ஆற்றலை அளித்தது. நிறுத்தக்கூடாத பொறிக்கு முன் நின்றவர் கையில், தொடங்கவும் நிறுத்தவும் கூடிய சிறு பொறியொன்றைத் தந்தது. இவை மெய்யான வெற்றிகள். ஆயின் ஒரு விசையை அழுத்தியதும் அச்சேவையகம் மறைந்துவிடுகின்றது. அது நின்ற இடத்தில் மறுதரப்பின் மௌனமே எஞ்சுகின்றது. அம்மௌனத்தைக் கலைக்கும் வல்லமை மேலும் செம்மையான போலிகளுக்கு இல்லை. ஒப்பந்தத்தின் இருபுறமும் உள்ள உழைப்பாளர் ஒருவரோடொருவர் நேரே பேசுவதற்கான உரிமையும் வாய்ப்புமே அதனைச் செய்யவல்லன. அவ்வுரிமை நுட்பத்தாற் பெறப்படுவதன்று. சமூகப் போராட்டத்தாற் பெறப்படுவது.